எச்சில்கூட விழுங்க முடியவில்லை: உணவுக்குழாயில் வரும் வைரஸ் புண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன். போன வாரம்வரை கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன். இப்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். டம்ளர் எதற்கு என்றால், எச்சில் துப்ப. விழுங்கினால் நெஞ்சுக்குள் கத்தியால் கீறுவதுபோல் வலிப்பதால், ஊறுகிற எச்சிலை எல்லாம் அதில் துப்பிக்கொண்டே இருக்கிறான். "கேஸ்தான் சார், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல" என்கிறார் கூட வந்த அப்பா. மூன்று நாளாகக் கேஸ் மாத்திரை போட்டாயிற்று. கேட்கவில்லை.

எண்டோஸ்கோப்பி அறைக்கு இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள். அவற்றையும், கேட்கத் தயங்கி வீட்டுக்குப் போய் நள்ளிரவில் செல்போனில் தேடுகிற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

உணவுக்குழாயில்கூட வைரஸ் வருமா?

வரும். தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் இந்தத் தசைக்குழாய் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். அதன் உட்புறத் தோல் நம் வாய்க்குள் இருப்பதைப் போன்றதுதான்: பல அடுக்காக அமைந்த தட்டையான செல்கள். உதட்டோரத்தில் கொப்புளம் போடும் வைரஸுக்கு இந்த மாதிரித் தோல் மிகவும் பிடிக்கும். வாயில் செய்கிற வேலையை அது ஒரு சாண் கீழே இறங்கியும் செய்ய முடியும்.

எந்த வைரஸ்?

உடம்பில் வேறு கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கு என்றால் பெரும்பாலும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ், அதிலும் முதல் வகை. சைட்டோமெகலோ வைரஸும் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஆனால் அது பெரும்பாலும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. முற்றியவர்கள், கீமோ எடுப்பவர்கள் போன்றோரின் தொல்லை. நல்ல உடம்புக்காரர்களிடம் அபூர்வம். சின்னம்மை வைரஸ், சுரப்பிக் காய்ச்சலைத் தரும் எப்ஸ்டீன் பார் வைரஸ் ஆகியவையும் எப்போதாவது இங்கே எட்டிப்பார்ப்பது உண்டு. இந்தப் பக்கத்தில் இனி நான் பேசப்போவது பெரும்பாலும் ஹெர்ப்பீஸைப் பற்றியே.

நான் நன்றாகத்தானே இருந்தேன்? எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா?

எல்லாருக்கும் முதலில் வருகிற பயம் இது. உணவுக்குழாயில் ஹெர்ப்பீஸ் என்றாலே எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களின் நோய் என்றுதான் மருத்துவக் கல்லூரியில் பாடம் படித்தோம். அந்தப் பாடத்தில் பொய் இல்லை, பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது. நோய் எதிர்ப்பில் ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் இது வருகிறது என்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வந்திருக்கிறது. அப்படிப் பதிவான 38 பேரின் விவரங்களைத் தொகுத்து, அமெரிக்கக் குடலியல் இதழ் ஒன்றில் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வந்தது. அதில் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளை முதல் எழுபது கடந்தவர்வரை இருந்தார்கள். பெண்களைவிட ஆண்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்றால், பலருக்கு ஏற்கெனவே உள்ளேயே இருந்தது என்பதுதான் பதில். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் ஹெர்ப்பீஸின் முதல் வகை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில், யாரோ ஒரு மாமாவோ அத்தையோ கொடுத்த முத்தத்தில் வந்தது. வந்த சுவடே தெரியாமல் நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். முகத்து நரம்பின் முடிச்சில் படுத்தது எழுந்தால் உதட்டில் கொப்புளம். உணவுக்குழாய்க்கு வரும் வேகஸ் நரம்பின் முடிச்சிலும் இது படுத்திருப்பதுண்டு. அங்கிருந்து எழுந்தால் வழி நேரே உணவுக்குழாய்க்கு.

இன்னொரு வழி, வைரஸ் வாழ்க்கையில் முதன்முறையாகத் தொற்றும்போதே உணவுக்குழாயைத் தாக்குவது. சிலரிடம் விசாரித்தால், "ஆமாம், ரெண்டு வாரம் முன்னாடி அவளுக்கு உதட்டில் புண் இருந்தது" என்று நினைவு வரும். இளவயதினரிடம் இந்த வழியையும் யோசிக்க வேண்டும்.

அறிகுறி எப்படி ஆரம்பிக்கும்?

திடீரென்று. அதுதான் இதன் முத்திரை. முதலில் இரண்டு மூன்று நாள் சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரி: உடம்பு வலி, அசதி, தொண்டை கரகரப்பு, சிலருக்கு நல்ல காய்ச்சல். அப்புறம் ஒரு காலையில் காபி ஒரு மடக்கு இறங்கும்போது மார்பெலும்புக்குப் பின்னால் சுரீர் என்கும். அன்று மாலைக்குள் சோறு இறங்காது, மறுநாள் தண்ணீரே மிரட்டும்.

மேலே சொன்ன 38 பேரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு விழுங்கும்போது வலி. பாதிப் பேருக்கு நெஞ்செரிச்சல். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காய்ச்சல். விடாத விக்கலோடு வருபவர்களும் எப்போதாவது உண்டு.

கேஸ், நெஞ்செரிச்சல் என்று எப்படிப் பிரித்தறிவது?

நெஞ்செரிச்சல் சாப்பிட்டு முடித்தபின் வரும், படுத்தால் கூடும், புளித்த ஏப்பத்தோடு எதுக்களிக்கும், மாதக்கணக்கில் வந்து போகும். வைரஸ் புண் அப்படியில்லை. விழுங்குகிற அந்த நொடியில் வலிக்கும். எந்த இடத்தில் இறங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு வலிக்கும். இரண்டு நாளுக்கு முன்னால் இப்படி ஒரு தொந்தரவே இருந்திருக்காது. காய்ச்சலும் கூடவே இருந்தால் அதை 'கேஸ்' என்ற பெரிய சாக்குப்பைக்குள் போட்டுக் கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே எது வலித்தாலும் அந்தப் பைக்குள்தான் போகிறது.

ஒன்று மட்டும் குறுக்கே சொல்லிவிடுகிறேன். விழுங்காதபோதும் நெஞ்சு அழுத்துகிறது, வியர்க்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது என்றால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிட்டு இ.சி.ஜி. எடுக்கப் போங்கள். உணவுக்குழாயும் இதயமும் அடுத்தடுத்த வீடு. எந்த வீட்டில் நெருப்பு என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

வாயில் ஒரு புண்ணும் இல்லையே, உள்ளே மட்டும் எப்படி?

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவதால்தான் பலருக்கு நாள் தள்ளிப்போகிறது. அந்தத் தொகுப்பில் வாயிலோ தொண்டையிலோ புண் தென்பட்டது ஐந்தில் ஒருவருக்குத்தான். மற்ற நான்கு பேருக்கு வாய் சுத்தமாக இருந்தது. புண்கள் பெரும்பாலும் உணவுக்குழாயின் நடுப்பகுதியிலும் அடிப்பகுதியிலும்தான் வரும்.

ரிப்போர்ட்டில் 'ஹெர்ப்பீஸ்' என்று போட்டிருக்கிறார்கள். அது பாலியல் நோய் இல்லையா? வீட்டில் என்ன சொல்வது?

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, கதவு சாத்தியபின் கேட்பார்கள். கல்யாணமாகி எட்டு மாதமான ஒருவர் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மனைவியிடம் "அல்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இரவு முழுக்கத் தேடிப் படித்திருக்கிறார். படித்தது எல்லாம் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸைப் பற்றி.

ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. இரண்டாம் வகைதான் பெரும்பாலும் உடலுறவின் மூலம் பரவுவது. முதல் வகை எச்சிலில் பரவுவது, சின்ன வயதிலேயே வந்துவிடுவது. உணவுக்குழாய்ப் புண்ணுக்குக் காரணம் மிகப் பெரும்பாலும் முதல் வகை. முதல் வகை வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்குப் போவதும், இரண்டாம் வகை வாய்க்கு வருவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உணவுக்குழாயில் ஹெர்ப்பீஸ் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாருடைய நடத்தையைப் பற்றியும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாட்டி கொடுத்த முத்தத்துக்கு இன்று விசாரணைக் கமிஷன் வைப்பது போல ஆகிவிடும்.

வீட்டில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: உதட்டில் காய்ச்சல் கொப்புளம் போடும் வைரஸ், எனக்கு உணவுக்குழாயில் போட்டிருக்கிறது.

அப்படியானால் இது அக்கியா? காவி பூசி அக்கி எழுதலாமா?

நம் ஊரில் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் இடுப்பைச் சுற்றியோ முதுகிலோ பட்டையாக வருகிற கொப்புளத்தை. அது சின்னம்மை வைரஸ் திரும்ப எழுவதால் வருவது. இந்த வைரஸின் பங்காளி, வேறு ஆள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் நரம்பில் ஒளிந்திருப்பவை. அதனால் குழப்பம் இயல்புதான். குயவர் வீட்டில் போய் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் உணவுக்குழாய்க்குள் காவியால் எழுத யாராலும் முடியாது.

எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, சந்தேகப்படுகிறார்களா?

உங்களைச் சந்தேகப்படவில்லை. இந்தப் புண் வந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது முறை. எச்.ஐ.வி. பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை. ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ எடுக்கிறீர்களா, மூட்டு நோய்க்கோ சோரியாசிஸுக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றிய முதல் சில வாரங்களில் அந்த வைரஸாலேயே உணவுக்குழாயில் புண் வரக்கூடும் என்பதும் ஒரு காரணம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம், முடிவும் ரகசியமாகவே இருக்கும். எல்லாம் 'இல்லை' என்று வந்தால், நீங்கள் நல்ல உடம்புக்காரர் என்பதற்கு அது ஒரு சான்றிதழ். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

மாத்திரை ஒட்டிக்கொண்டும் புண் வரும் என்கிறார்களே?

வரும், அதுவும் இதே மாதிரி திடீரென்று வரும். இளவயதினரிடம் வைரஸுக்கு முன்னால் நான் கேட்கிற கேள்வியே "முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்பதுதான். டாக்சிசைக்ளின் காப்ஸ்யூலை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்தால், அது நடுவழியில் ஒட்டிக்கொண்டு சுவரைப் பொத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் மாத்திரை, வலி மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். அதில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ புண், ஓரிடத்தில். காய்ச்சல் இருக்காது.

வேறு சிலவற்றையும் நினைவில் வைத்திருப்போம். சர்க்கரை நோயாளிக்கும் இன்ஹேலர் இழுப்பவருக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை. முந்தைய நாள் மீன் சாப்பிட்டவருக்கு முள். வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு, எடையும் குறைந்துகொண்டிருந்தால் காசநோய்ப் புண். நம் நாட்டில் அதை மறந்துவிடவே கூடாது.

எண்டோஸ்கோப்பி கட்டாயமா? பயமாக இருக்கிறது.

உதட்டில் தெளிவான கொப்புளம், கூடவே விழுங்கும் வலி, வேறு ஆபத்து அறிகுறி இல்லை என்றால் சில மருத்துவர்கள் எண்டோஸ்கோப்பி இல்லாமலே மருந்து தொடங்கிவிடுவார்கள். மற்றவர்களுக்கு என் வாக்கு எண்டோஸ்கோப்பிக்குத்தான். கண்ணால் பார்த்து, ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால் ஒழிய இதை உறுதியாகச் சொல்ல முடியாது. வைரஸா, பூஞ்சையா, மாத்திரையா என்பதைப் பொறுத்து மருந்தே மாறிவிடும்.

முதல் நாள் இரவு சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு வெறும் வயிற்றில் வர வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்போம். கசக்கும், தொண்டை தடித்துப்போன மாதிரி இருக்கும். அவ்வளவுதான். இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். தேவையானால் லேசாகத் தூங்க வைக்கும் ஊசி. உள்ளே போய் வர ஐந்து முதல் பத்து நிமிடம். எச்சிலையே விழுங்க முடியாதவர்களுக்குக் குழாய் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். தயங்கித்தான் போகும், நாங்களும் மெதுவாகத்தான் போவோம்.

திரையில் தெரிவதைச் சொல்கிறேன். மேல் பாதி பெரும்பாலும் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, வழக்கம்போல இருக்கும். நடுப்பகுதியைத் தாண்டியதும் ஒன்று தென்படும். மிளகளவு, சில சமயம் சுண்டல் அளவு. விளிம்பு சற்றே மேலெழும்பி, நடுவில் குழிந்து, குழிக்குள் மஞ்சளாக ஒரு படலம். குட்டி எரிமலை வாய் மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தோல் ஒன்றும் நடக்காததுபோல் சுத்தமாக இருக்கும். இப்படித் தனித்தனியாக இருந்தால் சீக்கிரம் வந்துவிட்டார் என்று பொருள். ஒரு வாரம் கடத்திவிட்டு வந்தால் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அடிப்பகுதி முழுக்கத் தோல் உரிந்து, தொட்டால் ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். இதற்கெல்லாம் முந்தைய கட்டமான நீர்க்கொப்புளத்தைப் பார்ப்பது அரிது. எண்டோஸ்கோப்பிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் அது உடைந்திருக்கும்.

பயாப்சி என்றால் கேன்சருக்குத்தானே எடுப்பார்கள்?

இல்லை. துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எதுவானாலும் அதற்குப் பெயர் பயாப்சிதான். எடுக்கும்போது வலிக்காது. எங்கிருந்து எடுப்பது என்பதில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெர்ப்பீஸ் மேல்தோல் செல்களுக்குள் குடியிருப்பது, ஆகவே புண்ணின் விளிம்பில் எடுக்க வேண்டும். குழியின் நடுவில் மேல்தோலே இல்லை, அங்கே தேடி என்ன பயன்? சைட்டோமெகலோ வைரஸ் அடியில் உள்ள ரத்தக்குழாய்ச் செல்களில் இருப்பது, அதற்குக் குழியின் அடியில் எடுக்க வேண்டும். எது என்று தெரியாதபோது இரண்டு இடத்திலும் எடுத்துவிடுவோம்.

ரிப்போர்ட்டில் 'பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்கள்', 'கௌட்ரி ஏ' என்றெல்லாம் வரும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைரஸ் புகுந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடும், அவற்றின் உட்கருவுக்குள் வைரஸ் கூட்டம் ஒரு திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகளை 1934இல் வகைபிரித்தவர் எட்மண்ட் கௌட்ரி. அவர் பெயர்தான் அது. வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனையும் அதே துணுக்கில் செய்யலாம். அது இன்னும் கூர்மையானது.

ரத்தத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?

லேபில் 'ஹெர்ப்பீஸ் ஐஜிஜி' என்று ஒரு சோதனை எடுப்பார்கள். பாசிட்டிவ் என்று வரும். ஊரில் பாதிப் பேருக்குமேல் அப்படித்தான் வரும். என்றோ வைரஸ் வந்துபோனதை அது காட்டும், இன்றைய வலிக்குக் காரணம் அதுதானா என்பதைக் காட்டாது. அந்தக் காசுக்கு இளநீர் வாங்கிக் குடிக்கலாம்.

மருந்து என்ன?

அசைக்ளோவிர். வழக்கமாக 400 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை, அல்லது 200 மி.கி. ஐந்து வேளை, ஏழு முதல் பத்து நாள்வரை. ரத்தத்தில் மூன்று மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடுகிற மருந்து, அதனால்தான் இத்தனை வேளை. வேளை குறைய வேண்டும் என்பவர்களுக்கு அதன் மறுவடிவமான வாலாசைக்ளோவிர் தருவோம். எதுவுமே விழுங்க முடியாதவர்களை இரண்டு மூன்று நாள் சேர்த்து, அசைக்ளோவிரை டிரிப்பில் ஏற்றி, விழுங்க ஆரம்பித்தபின் மாத்திரைக்கு மாற்றுவோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். எல்லாருக்குமே தண்ணீர் போதிய அளவு போக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். கணக்கு உங்கள் மருத்துவர் போடுவது. நான் எழுதிய எண்ணை மருந்துக்கடையில் காட்டி வாங்காதீர்கள்.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். விழுங்கும்போது அது ஒரு சாதுவான பொருள். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால் மட்டும், வைரஸ் தன் பெருக்கத்துக்காக வைத்திருக்கும் நொதியே அதைத் தூண்டிவிட்டு விஷமாக்கும். அந்த விஷம் வைரஸின் மரபணு நகலெடுப்பை நிறுத்திவிடும். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மருந்தியலில் கிடையாது. நல்ல செல்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இந்த மருந்துக்கு வழிவகுத்த ஆய்வாளர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

கூடவே அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் வகை மாத்திரை, புண்மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் சிரப், சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் ஜெல் ஆகியவை தேவைப்படலாம். அமிலம் இந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. ஆனால் உரிந்த தோலில் அமிலம் பட்டால் எரியும், ஆறுவதும் தாமதமாகும்.

தானாகவே ஆறிவிடும் என்றும் படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். மருந்து கொடுத்தால் அந்த நாட்கள் குறையும் என்பதே எங்கள் அனுபவம். எச்சில் விழுங்க முடியாமல் டம்ளரோடு உட்கார்ந்திருப்பவரிடம் "பத்து நாள் பொறுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. எண்டோஸ்கோப்பி செய்து முடிவு வருவதற்குள் ஏற்கெனவே தேறிவிட்டவருக்கு மாத்திரை இல்லாமல் விட்டதும் உண்டு.

ஒரு ஊசி போட்டால் உடனே கேட்குமா?

எந்த ஊசி என்று கேளுங்கள். காய்ச்சல், தொண்டைவலி என்று போனால் சில இடங்களில் ஒரு ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸா ஊசியும் சேர்த்துப் போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு வைரஸ் அசையாது. டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. போட்ட அன்று சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் வைரஸைக் கட்டிப்போட்டிருக்கும் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத்தான் அந்தச் சுகம். காரணம் தெரியாமல் அதைப் போடாதீர்கள்.

என்ன சாப்பிடுவது?

சூடு, புளி, காரம், மொறுமொறுப்பு: இந்த நான்கும் வேண்டாம். அதாவது ரசம், ஊறுகாய், ஆவி பறக்கும் காபி, முறுக்கு, தோசையின் ஓரம்கூட. ஆறவைத்த அரிசிக் கஞ்சி, குளிர்ந்த ராகிக் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, குழைத்த தயிர் சாதம் (தயிர் புளிக்காததாக), இளநீர், பனங்கற்கண்டு போட்ட ஆறிய பால். ஐஸ்கிரீம் தாராளமாகச் சாப்பிடலாம். "காய்ச்சலில் ஐஸ்கிரீமா?" என்று வீட்டில் பெரியவர்கள் பதறினால் டாக்டர்தான் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். சில்லென்று இறங்குவது வலியை மரக்கச் செய்யும். ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் குடிக்க முயலாமல், பத்து நிமிடத்துக்கு இரண்டு வாய் என்று போகட்டும். மாத்திரைகளைப் பொடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பொடியுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம். அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது. விழுங்காமலே நெஞ்சில் தாங்க முடியாத வலி, மூச்சுத் திணறல், கழுத்தில் தோலுக்கடியில் பொரி பொரி என்று காற்று நெறிபடுவது. கடைசியாகச் சொன்னது குழாய் ஓட்டையானதன் அடையாளம். மிக மிக அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது. ரத்தக் கசிவு அதைவிடச் சற்று அதிகம்.

மறுபடி வருமா?

உதட்டுக் கொப்புளம் சிலருக்கு வருடா வருடம் வரும். உணவுக்குழாயில் அப்படித் திரும்பத் திரும்ப வருவது வழக்கமில்லை. வந்தால் இரண்டு விஷயத்தைத் தேட வேண்டும். எதிர்ப்புச் சக்தியில் ஏதாவது குறை இருக்கிறதா என்பது ஒன்று.

மற்றது பலர் கேள்விப்படாத ஒரு நோய். ஈஸ்னோபீலியா என்று ரத்தத்தில் சொல்வோமே, அந்த ஈஸ்னோபில் அணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் வந்து கூடும் ஒவ்வாமை நோய் ஒன்று உண்டு. ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு உள்ள இளைஞர்களிடம் அதிகம். இவர்களை வீட்டில் எளிதாக அடையாளம் காணலாம். பந்தியில் கடைசியாக எழுபவர்கள், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பவர்கள், கறித்துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது என்று அடிக்கடி எழுந்து போகிறவர்கள். "சின்ன வயசிலிருந்தே மெதுவாகத்தான் சாப்பிடுவான்" என்று அம்மா சொல்வார். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஹெர்ப்பீஸ் புண் வருவதும், ஹெர்ப்பீஸ் புண் ஆறியபின் இந்த நோய் வெளிப்படுவதும் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. சுவர் பலவீனமாக இருப்பதால் வைரஸ் நுழைகிறதா, வைரஸ் வந்ததால் ஒவ்வாமை தூண்டப்படுகிறதா என்பதில் விவாதம் நடக்கிறது.

ஆகவே ஆறி முடிந்து சில வாரங்கள் கழித்தும் சோறு சிக்குகிறது என்றால் இரண்டாம் முறை எண்டோஸ்கோப்பிக்கு வாருங்கள். புண் இருக்கும்போதே எடுத்த துணுக்கில் ஈஸ்னோபில்கள் தெரிந்தாலும் அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எல்லாம் அடங்கியபின் எடுத்ததுதான் நம்பகமானது. நன்றாக ஆறி, நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு, முதலில் எடுத்ததிலும் சந்தேகம் எதுவும் இல்லை என்றால், மறுபடி குழாய் விடத் தேவையில்லை.

பின்னாளில் புற்றுநோயாக மாறுமா?

ஹெர்ப்பீஸ் புண் மாறாது. நம் பக்கத்தில் உணவுக்குழாய்ப் புற்றுக்குப் புகையிலையும் குடியும் வெற்றிலை பாக்கு மெல்லுவதும்தான் கவலைப்பட வேண்டியவை. ஐம்பதைத் தாண்டியவருக்கு முதலில் சோறு சிக்கி, அப்புறம் இட்லி சிக்கி, பிறகு கஞ்சியே சிக்குகிறது, எடையும் குறைகிறது என்றால் அது இந்தப் பக்கத்தில் பேசும் விஷயமே இல்லை. அந்த வாரமே எண்டோஸ்கோப்பி வேண்டும்.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுமா? தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டுமா?

தீட்டுப்போலத் தள்ளி வைக்க வேண்டாம். பெரியவர்களில் பெரும்பாலோரிடம் வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. புண் ஆறும்வரை எச்சில் படும் விஷயங்களில் மட்டும் கவனம்: ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பது, கடித்ததைக் கொடுப்பது, முத்தம். டம்ளரில் துப்பிய எச்சிலைக் கழிப்பறையில் கொட்டிவிட்டுக் கை கழுவினால் போதும்.

வீட்டில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை இருந்தால் மட்டும் நான் கண்டிப்பாகிவிடுவேன். அந்த வயதில் இந்த வைரஸ் மூளைவரை போகக்கூடியது. உங்களுக்கு உணவுக்குழாயில் புண் இருந்தாலும் சரி, அத்தைக்கோ தாத்தாவுக்கோ உதட்டில் ஒரு சின்னக் கொப்புளம் இருந்தாலும் சரி, அது காய்ந்து உதிரும்வரை குழந்தையின் முகத்தில் முத்தம் கூடாது. தூக்க வேண்டுமானால் சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க் போட்டுத் தூக்கலாம். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்று பெற்றவர்கள் சொல்வார்கள். குழந்தை தூங்குகிறது என்று சொல்லித் தொட்டிலை உள் அறைக்கு நகர்த்திவிடுங்கள்.